அப்பாவின் மனக்கணக்கு

உறையூரில் அப்பா 31 வருடம் மளிகைக் கடை நடத்தினார். கடையில் கால்குலேட்டர் இருந்ததே இல்லை. "துவரம்பருப்பு முக்கால், உளுந்து ஒண்ணேகால், கடுகு அரைக்கால்" என்று வந்தவர் சொல்லி முடிக்கும்போதே மொத்தத் தொகை அப்பாவின் வாயில் இருக்கும். வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு ரூபாய் தவறிவிட்டது என்று யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

2018-இல் அவருடைய சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திவிட்டன. இருபது வருடச் சர்க்கரை. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறு மணி ஷிஃப்டில் டயாலிசிஸ். ஐந்தாவது வருடத்தில் ஒரு புதன்கிழமை மாலை, வந்து படுத்துத் தூங்கி எழுந்து திண்ணையில் சாய்ந்திருந்தவரிடம் அம்மா, "ஏங்க, பருப்பு கிலோ நூத்தி அறுபத்து நாலாம். முக்கால் கிலோ எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். கேட்பது அம்மாவுக்குப் பழக்கம். அப்பா உத்திரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் கழித்து, "நூத்தி நாப்பது" என்றார்.

123 ரூபாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அம்மா, "அசதியா இருக்கும்டி" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அந்த "அசதி" என்ற ஒரு வார்த்தைக்குள் நாங்கள் எவ்வளவோ போட்டு மூடி வைத்திருந்தோம். ராத்திரி காலை உதைத்துக்கொண்டே இருந்தது, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வந்தது, பேச்சின் நடுவில் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறியது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தது, எல்லாமே அசதி. மிச்சம் இருந்ததற்கு "வயசு" என்று பெயர் வைத்தோம். டயாலிசிஸ் என்றால் பொட்டாசியம், உப்பு, தண்ணீர், பி.பி., இதயம் என்று தான் எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். மூளையும் நரம்பும் இதில் எவ்வளவு அடிபடும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்த ஏழு வருடத்தில் பார்த்ததையும், அதற்கு விளக்கம் தேடிப் படித்ததையும் எழுதி வைக்கத் தோன்றுகிறது. இன்னொரு வீட்டில் இன்னொரு அப்பா இப்போது உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாளிலிருந்தே மூளையைக் கவனித்துத்தான் டயாலிசிஸ் செய்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால் தான் புரிந்தது. முதல் தடவை அப்பாவுக்கு இரண்டே மணி நேரம் தான் போட்டார்கள், அதுவும் மிஷினை மெதுவாக ஓடவிட்டு. "யூரியா இவ்வளவு ஏறிக் கிடக்கு, ஏன் சீக்கிரமா நிறுத்திட்டாங்க?" என்று அம்மாவுக்கு ஒரே மனக்குறை. விஷயம் இது தான். சிறுநீரில் போக வேண்டிய கழிவு தான் யூரியா. இரத்தத்தில் சேர்ந்த அளவுக்கு அது மூளையிலும் சேர்ந்திருக்கும். இரத்தத்தில் இருப்பதை மிஷின் வேகமாக இழுத்துவிட்டால், மூளையில் இருப்பது அந்த வேகத்தில் வெளியே வராது. உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகிற மாதிரி, யூரியா அதிகமாக இருக்கும் மூளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, தன்னிலை தெரியாமல் தவிப்பது, முற்றினால் வலிப்பு. ஆகவே முதல் சில தடவைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பார்கள். சவ்வூடுபரவலை வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். கட்டில் பக்கத்தில் நின்றபோது அது நினைவுக்கே வரவில்லை.

கால்கள் தான் அடுத்து. இரண்டாவது வருடமே ஆரம்பித்துவிட்டது. பாதத்தில் மதமதப்பு, அப்புறம் எரிச்சல். ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பார். உடம்பில் மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போகிற நரம்பு, அதனால் அது தான் முதலில் சேதமாகும் என்பார்கள். சாக்ஸ் போட்ட மாதிரி அடியிலிருந்து மேலே ஏறும். அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் நின்றால் இது வரும். அமெரிக்காவின் சியாட்டிலில் 1960 மார்ச்சில் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்குக் கையில் நிரந்தரக் குழாய் வைத்து, பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் நீண்டகால டயாலிசிஸைத் தொடங்கினார். ஷீல்ட்ஸ் 11 வருடம் வாழ்ந்தார். அந்த ஆரம்பகால நோயாளிகளுக்கு உயிர் நின்றது, ஆனால் கால் நரம்புகள் கெடத் தொடங்கின. பல நாளுக்கு ஒருமுறை என்று செய்துகொண்டிருந்ததை அடிக்கடி செய்யத் தொடங்கியபோது தான் அது கட்டுப்பட்டது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாரம் மூன்று முறை என்ற கணக்கு உருவானதில் அவர்களுடைய கால்களுக்கும் பங்கு உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஷிஃப்டில் வருகிற சிலர் ஞாபகம் வந்தது. வாரம் இரண்டே முறை வருகிறவர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு கழிந்துவிடுகிறது என்பது பெரிய விஷயம். அது இல்லாவிட்டால் எங்கள் வீடு விற்றுப் போயிருக்கும். ஆனால் பஸ் செலவு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, வழியில் சாப்பாடு இதெல்லாம் திட்டத்தில் வராது. மூன்றை இரண்டாக்கிக்கொள்கிறார்கள். "ரெண்டு தடவையே போதும்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிற அம்மா ஒருவர், கால் எரிகிறது என்று தான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார். ஒருவருக்கு இரண்டு போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யலாம். பஸ் கட்டணம் முடிவு செய்யக்கூடாது.

எரிச்சல் வேறு, குடைச்சல் வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் நாங்கள் ஒரு வருடத்தை வீணாக்கினோம். மாலை மங்கியதும், அப்பா காலை நீட்டிப் படுத்ததும், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, குடைகிற மாதிரி இருக்கும். அசைத்தால் தான் நிம்மதி. எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்பி வரும். இரவு ஒரு மணிக்கு முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார். டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணி நேரம் காலை அசைக்காமல் கிடப்பது அவருக்குத் தண்டனையாக இருந்தது. பாதியில் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். "முரட்டுத்தனம்" என்று நினைத்தோம். தமிழில் கால் குடைச்சல் என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் போய் "கால் வலி" என்று தான் சொன்னோம். வலி மாத்திரை கொடுத்தார்கள். கேட்டுப் பார்த்தபோது, டயாலிசிஸ் நோயாளிகளில் நாலில் ஒருவருக்காவது இது உண்டு என்று தெரிந்தது. இரும்புச்சத்து குறைந்திருந்தால் கூடும், சில வாந்தி மாத்திரைகளும் மனநல மாத்திரைகளும் கூட்டும். அப்பாவுக்கு இரும்பு ஊசி போட்ட பிறகு பாதியாவது குறைந்தது.

அடுத்த கட்டில்காரர் ஒருவர் இருந்தார். 14 வருட டயாலிசிஸ். அவருக்குக் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக் கூடப் போட முடியாது. ராத்திரி தூக்கத்தில் கையை உதறி உதறி எழுந்திருப்பாராம். நல்ல சிறுநீரகம் வடிகட்டி அழித்துவிடுகிற பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம், பழைய வகை ஃபில்டரின் சின்னத் துளைகளில் வெளியேறாமல் வருடக்கணக்கில் தேங்கும். தேங்கி, மணிக்கட்டில் நரம்பு போகும் இடுக்கில் படிந்து நரம்பை நெரிக்கும். படிவது இந்தப் புரதம் தான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985-இல் கண்டுபிடித்தார்கள். பெரிய துளை கொண்ட ஹை ஃப்ளக்ஸ் ஃபில்டர்கள் வந்தபின் இது குறைந்திருக்கிறது. அவருக்கு மணிக்கட்டில் ஒரு சின்ன அறுவை செய்தார்கள். அடுத்த மாதம் அவரே பொத்தான் போட்ட சட்டையோடு வந்தார், வந்து எல்லாரிடமும் காட்டினார்.

இனி அந்த இரவைச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கால் எரிச்சல் தாங்க முடியாமல் போன ஒரு வாரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டார். பிரிகபாலின் 75 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. நரம்பு எரிச்சலுக்கு எல்லாரும் கொடுக்கிற மாத்திரை. முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் பகலிலும் தூங்கினார். நாலாம் நாள், சனிக்கிழமை, காபி டம்ளரை நீட்டினேன். வாங்கிய கை வெடுக்கென்று இழுத்து டம்ளர் பறந்தது. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தானாக விழுந்து எழுந்தது. என்னை அவருடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. "கடைச் சாவி எங்க வெச்ச? பால் வண்டி வந்துரும்" என்று இருட்டில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடையை விற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பக்கவாதமாக இருக்கும் என்று சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பயந்தது நியாயம் தான், டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பக்கவாதம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போடுவதால் மண்டைக்குள் கசிவும் வரலாம். ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. "மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு. வயசாயிடுச்சு, சர்க்கரை வேற, கிட்னி வேற. இனிமே இப்படித்தான் இருப்பார், நீங்க தான் பக்குவமாப் பாத்துக்கணும்" என்றார் ஒருவர். அம்மா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போது கூட அந்தத் தலையாட்டல் வலிக்கிறது.

இரவு பதினொன்றரை இருக்கும். டியூட்டிக்கு வந்த இளவயது டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இந்த வாரம் புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்மா பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார். இரண்டு என்றோம். நிமிர்ந்து பார்த்து, "அப்பா சரியாயிடுவாரு" என்றார்.

பிரிகபாலின் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரே போகாதவருக்கு அது எங்கே போகும்? ஒரு மாத்திரை மேல் இன்னொரு மாத்திரையாக உடம்பிலேயே ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக நாலு மணி நேர டயாலிசிஸ் அதில் சுமார் பாதியை இழுத்துவிடும். ஞாயிறு ஒரு தடவை, திங்கள் ஒரு தடவை போட்டார்கள். திங்கள் மாலை அப்பா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க எதுக்கு வந்திருக்கோம், பாப்பா?" என்றார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு நான் விசாரித்து எழுதி வைத்த பட்டியல் அம்மாவின் பையில் இன்றும் இருக்கிறது. காபாபென்டின், பிரிகபாலின் இரண்டும் மிகக் குறைந்த அளவில், அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு தான். இடுப்புப் பிடிப்புக்கும் தீராத விக்கலுக்கும் கொடுக்கிற பாக்லோஃபென் ஒன்றிரண்டு மாத்திரையிலேயே டயாலிசிஸ் நோயாளியை மயக்கத்தில் தள்ளக்கூடும். கிருமித்தொற்றுக்குப் போடும் செஃபிபைம் ஊசி, அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், இவையும் அளவு மீறினால் குழப்பம், வெட்டி இழுப்பு, வலிப்பு. எல்லாமே நல்ல மருந்துகள், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பல்லுக்குப் போனாலும் கண்ணுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "இவர் டயாலிசிஸ் பேஷண்ட்" என்று சொல்லுங்கள். புது மாத்திரையைச் சிறுநீரக டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று, பி1 வைட்டமின். தண்ணீரில் கரைகிறது என்பதால் டயாலிசிஸில் அதுவும் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். சாப்பாடும் குறைந்தவருக்குத் திடீரென்று குழப்பமும் நடையில் தள்ளாட்டமும் வந்தால் அதையும் யோசிக்க வேண்டும். அது மலிவான ஊசி, நேரத்துக்குப் போட்டால் மூளையைக் காப்பாற்றும்.

பழத்திலும் ஒன்று உண்டு. மலைப்பக்கம் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் பை நிறைய ஸ்டார் ஃப்ரூட் கொண்டுவந்து கொடுத்தார். நறுக்கினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் புளிப்புப் பழம். பொட்டாசியத்துக்குப் பயந்து அம்மா ஒதுக்கி வைத்தாள். அந்தப் பயம் காப்பாற்றியது. அதில் பொட்டாசியத்தைவிடக் கொடியது இருக்கிறது. காரம்பாக்ஸின் என்ற நரம்பு நச்சு. பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2013-இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு வெளியேறிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு முதலில் நிற்காத விக்கல், அப்புறம் குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. ஒரு பழமே போதும்.

படிக்கப் படிக்க என்னை அதிகம் உலுக்கியது டென்வர் கதை. வேதியியல் ஆசிரியை என்பதாலும் இருக்கலாம்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆலன் ஆல்ஃப்ரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1972-இல் ஒரு விசித்திர நோயைப் பற்றி எழுதினார்கள். வருடக்கணக்கில் நன்றாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பேச்சு தடுமாறத் தொடங்கியது. ஆரம்பத்தில் டயாலிசிஸ் முடிந்த உடனே மட்டும் திக்கும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். பிறகு அது போகாமலே தங்கிவிடும். கை கால் வெட்டி இழுக்கும். ஞாபகம் போகும், வலிப்பு வரும், கடைசியில் பேச்சே நின்றுபோகும். தொடங்கிய சில மாதங்களில் இறந்துபோனார்கள். உயிர் காக்க வந்த சிகிச்சையே இதைச் செய்கிறதா என்று தெரியாமல் தவித்திருப்பார்கள். 1976-இல் அதே குழு இறந்தவர்களின் மூளையைச் சோதித்து முடிவை வெளியிட்டது. இந்த நோயால் இறந்தவர்களின் மூளையின் சாம்பல் நிறப் பகுதியில், உலர்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராம் அலுமினியம். டயாலிசிஸ் செய்து வேறு காரணத்தால் இறந்தவர்களிடம் 6.5. சிறுநீரக நோயே இல்லாதவர்களிடம் 2.2.

அலுமினியம் எங்கிருந்து வந்தது? ஒரு வழி, இரத்தத்தில் பாஸ்பரஸைக் குறைக்க அவர்களுக்குக் கொடுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு. இன்னொரு வழி, தண்ணீர். கலங்கல் தண்ணீரில் பாட்டி படிகாரக் கட்டியை விட்டுச் சுழற்றுவாள், கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் திரண்டு அடியில் இறங்கிவிடும். ஊர்க் குடிநீரைச் சுத்திகரிக்கும் இடங்களிலும் இதே வேலையை அலுமினிய உப்பு தான் செய்கிறது. குடிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. குடல் மிகச் சிறிதளவே உள்ளே விடும், விட்டதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸில் இந்த இரண்டு காவலும் இல்லை. மிஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி தண்ணீர் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர், வாரத்துக்கு 360 லிட்டர், மெல்லிய சவ்வு ஒன்று மட்டும் நடுவில் இருக்க, இரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் போல, குழாய்த் தண்ணீரில் அலுமினியம் அதிகமாக இருந்த ஊர்களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எலும்பு தானாக முறிந்தது, மூளையும் கெட்டது. ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும், அலுமினிய மாத்திரையைக் கைவிட்டதும் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்தது.

மறைந்தது, ஆனால் ஒழிந்துவிடவில்லை. கரீபியன் கடலில் குராசாவ் என்று ஒரு தீவு. கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர் தான் அங்கே குடிநீர். அவ்வளவு சுத்தம் என்பதால் பல வருடங்களாக மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அதையே டயாலிசிஸுக்கும் விட்டார்கள். 1996-இல் மையத்துக்கு வரும் குழாயை மாற்றினார்கள். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே சிமெண்ட் பூசிய குழாய். உப்பே இல்லாத அந்தத் தண்ணீர் சிமெண்டை அரித்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. அங்கிருந்த 27 நோயாளிகளில் 10 பேர் இறந்தார்கள். குழாய் மாற்றியவர் நல்ல எண்ணத்தில் தான் மாற்றியிருப்பார்.

இதைப் படித்த மறுநாள் டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியன் தம்பியிடம், "தம்பி, தண்ணி சுத்தம் பண்ற இடத்தைக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டே தான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்க தான்கா" என்று பின்பக்கம் அழைத்துப் போனார். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, கடினநீரை மென்மையாக்கும் தொட்டி, அப்புறம் ஆர்.ஓ. சவ்வு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் குளோரின் சோதித்துக் கையெழுத்துப் போட்ட நோட்டைப் புரட்டிக் காட்டினார். அலுமினியத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தான் உச்சவரம்பு, அதற்கு வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கடைசியாக வந்த ரிப்போர்ட்டையும் காட்டினார். நல்ல மையங்கள் இதைக் காட்டத் தயங்காது என்று நினைக்கிறேன். கேளுங்கள்.

சரி, அப்பாவுக்கு அலுமினியம் இல்லை, மாத்திரையும் நிறுத்தியாகிவிட்டது. அப்படியும் மனக்கணக்கு பழையபடி வரவில்லையே?

2006-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 55 வயதைத் தாண்டிய 338 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஞாபகசக்தி, திட்டமிடுதல், மொழித்திறன் எல்லாவற்றையும் சோதித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 37 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறனில் கடுமையான குறை. குறையே இல்லாதவர்கள் 13 சதவீதம் தான். ஆனால் மருத்துவக் குறிப்பில் இப்படியொரு பிரச்சினை இருப்பதாகப் பதிவாகியிருந்தது 3 சதவீதத்துக்கும் கீழே. எங்கள் "அசதி" உலகம் முழுக்க இருக்கிறது என்று அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தபோது புரிந்தது.

அதே மினசோட்டாக் குழு இன்னொன்றையும் பார்த்தது. ஒரே நோயாளிக்கு டயாலிசிஸுக்கு முன், நடுவில், முடிந்ததும், மறுநாள் என்று மாற்றி மாற்றிச் சோதனை வைத்தார்கள். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது தான் மூளை மிக மந்தமாக இருந்தது. மறுநாளும் அடுத்த டயாலிசிஸுக்குச் சற்று முன்பும் தெளிவு. இப்போது யோசித்துப் பாருங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பேசுவது எப்போது? கட்டிலில் மிஷின் ஓடும்போது தான். "இந்த மாத்திரையைப் பாதியா உடைச்சுச் சாப்பிடுங்க, அதை நிறுத்திடுங்க, கையில ஊசி குத்துற ஃபிஸ்டுலாவுக்கு ஸ்கேன் எடுக்கணும், இங்க கையெழுத்து போடுங்க" எல்லாமே அந்த நேரத்தில். அப்பா தலையாட்டிவிட்டு வருவார். வீட்டில் கேட்டால், "ஏதோ சொன்னாரும்மா" என்பார். அவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்.

இப்போது டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுகிறோம். வங்கி வேலை, பத்திரக் கையெழுத்து, பெரிய பேச்சு எதுவும் திங்கள், புதன், வெள்ளியில் கிடையாது. செவ்வாயும் வியாழனும் காலையில் தான் அப்பாவிடம் யோசனை கேட்போம். அவர் கேட்கப்படுகிறார் என்பதே அவரை எவ்வளவு மாற்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஏன் மந்தமாகிறது என்பதற்கு ஒரு காரணம் இரத்த ஓட்டம். இரண்டு நாள் சேர்ந்த தண்ணீரை நாலு மணி நேரத்தில் இழுக்கும்போது பி.பி. இறங்குகிறது, மூளைக்குப் போகிற இரத்தமும் குறைகிறது. வாரத்துக்கு மூன்று முறை, வருடத்துக்கு 150 தடவைக்கு மேல் இப்படிச் சின்னச் சின்னதாக மூளை பட்டினி கிடந்தால் அதன் உள் இழைகள் சேதமாகும் என்று ஸ்கேன்கள் காட்டுகின்றன. டயாலிசிஸ் திரவத்தைக் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடவிட்டால் இந்தச் சேதம் குறைகிறது என்று இங்கிலாந்தில் ஒரு சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு கனடாவில் 15,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய பெரிய ஆய்வில் மாரடைப்போ மரணமோ குறையவில்லை, நோயாளிகளுக்குக் குளிர் தான் அதிகம் எடுத்தது. அப்பாவுக்கு அதைக் கேட்கலாம் என்று இருந்தேன், ஏற்கெனவே இரண்டு போர்வை போர்த்திக்கொள்பவரிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். எங்கள் கையில் இருந்தது தண்ணீரைக் குறைப்பது தான். அப்பா ஒளித்து ஒளித்துக் குடிப்பார். திங்கட்கிழமை நாலு கிலோ ஏறிப் போய் நிற்பார். இதயம் வீங்கும், மூச்சு வாங்கும் என்று எல்லாரும் மிரட்டிப் பார்த்தோம், நடக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பக்கத்தில் உட்கார்ந்து கணக்காகவே சொன்னேன். "அப்பா, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துல பதிமூணு மில்லிக்கு மேல தண்ணி எடுத்தா உடம்புக்கு ஆபத்துன்னு சொல்றாங்க. உங்க ட்ரை வெயிட், அதாவது சேர்ந்த தண்ணியை எடுத்த பிறகு இருக்கிற எடை, அறுபது கிலோ. நாலு மணி நேரத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்?" உத்திரத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அறுபது பதிமூணு எழுநூத்தி எண்பது. நாலுக்கு மூவாயிரத்து நூத்தி இருபது. மூணு லிட்டர் சொச்சம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் நாலு கொண்டு போறேன்" என்றார். அன்றிலிருந்து டம்ளரை அவரே அளந்து குடிக்கிறார். எல்லா நாளும் முடிவதில்லை. சித்திரை வெயிலில் யாரால் முடியும்?

அம்மா பழையபடி விலை கேட்கிறாள். ஆனால் இப்போது விடையை நான் நோட்டில் எழுதி வைக்கிறேன், தேதி, கிழமையோடு. டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல ரிப்போர்ட் எங்களிடம் இல்லை. போன புதன் மாலை, உளுந்து கிலோ 136, ஒன்றேகால் கிலோ எவ்வளவு என்று கேட்டாள். "நூத்தி அறுபது" என்றார் அப்பா. அம்மா சரி என்று உள்ளே போய்விட்டாள். நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"பாப்பா, நேத்து உளுந்துக்கு நூத்தி அறுபதுன்னு சொன்னேன்ல. நூத்தி எழுபது. நோட்டுல மாத்தி எழுதிக்க."